மூட்டு நோயும் 'நானோ' மஞ்சளும்

மூட்டு வீங்கினால் மஞ்சளை அரைத்துப் பற்றுப் போடுவது நம் நாட்டில் வெகு புராதனமான வழக்கம். அந்த மஞ்சள் இப்பொழுது 'நானோ' என்னும் பட்டம் பெற்று, சிறு குப்பிகளில் அடைபட்டு, முழங்கால் வாதத்திற்குச் சஞ்சீவி என்று விற்கப்படுகிறது. விலையைக் கேட்டாலோ வாதமில்லாதவனுக்கும் கால் தளரும்!

இதில் உண்மை அறவே இல்லையென்று நாம் கூறவில்லை. மஞ்சளின் சத்தாகிய குர்க்குமின் நீரில் கரையாது. குடலில் அது உறிஞ்சப்படுவது சொற்பம். உறிஞ்சப்பட்டதையும் ஈரல் விரைவில் உருமாற்றி வெளியேற்றிவிடுகிறது. 1998-ல் பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் 2 கிராம் குர்க்குமினுடன் 20 மில்லிகிராம் மிளகுச் சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த அளவு ஏறக்குறைய 20 மடங்கு பெருகிற்று. மிளகு ரசம் வைக்கும் பாட்டிமார் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள். நானோ முறையின் நோக்கமும் அதுவே. மீட்டரை 100 கோடி கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர். அத்தகைய அளவைகளால் அளக்கத்தக்க நுண்துகள்களாகச் சத்தைப் பொடித்தோ, கொழுப்பு உறையிலிட்டோ உடலுக்குள் அனுப்புகிறார்கள். ஜப்பானில் 50 முழங்கால் நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பெற்ற பரீட்சையொன்று 2014-ல் வெளியாயிற்று. நுண்துகள் வடிவில் தினம் 180 மில்லிகிராம் குர்க்குமினை எட்டு வாரம் உண்டவர்களுக்கு, வெற்று மாத்திரை உண்டவர்களைவிட வலி குறைந்தது. நற்செய்திதான். ஆயினும் ஆயுள் முழுதும் தொடரும் வியாதிக்கு 50 பேரும் எட்டு வாரமும் போதுமா?

மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு அமெரிக்காவில் 1995-ல் 'பேடெண்ட்' வழங்கப்பட்டபோது, அது நம் முன்னோர் அறிந்த பழமை என்று பாரத விஞ்ஞானிகள் வாதாடி 1997-ல் அதை ரத்துச் செய்வித்தார்கள். நியாயமான வெற்றி. அதே பழமையை இன்று நம் வியாபாரிகள் புதுச் சரக்கிற்கு நற்சாட்சிப் பத்திரமாகக் காட்டுவது எந்த நியாயம்? குழம்பில் இட்ட மஞ்சள் தீங்கற்றதாயிருந்ததற்கு அது இரத்தத்தில் மிகுதியாகச் சேராமையும் ஒரு காரணமாகலாம். சேரும்படி செய்தபின் அது வேறு பொருள். மஞ்சள் மாத்திரைகள் உண்ட சிலருக்கு ஈரல் கெட்டதைக் கண்டு, இத்தாலிய சர்க்கார் 2022-ல் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. அமெரிக்க வைத்தியர்கள் கண்ட இத்தகைய கேடுகள் சிலவற்றில், உண்ட சரக்கில் மிளகுச் சத்தும் கலந்திருந்தது.

புதியது என்று விலை கேட்பவர், புதியதற்குரிய பரீட்சைக்கும் உட்பட வேண்டும். துகளின் அளவு, உறையின் பொருள், சத்தின் எடை ஆகிய மூன்றும் குப்பியின்மீது அச்சிடப்பட வேண்டும். சில நூறு நோயாளிகளிடம் ஓராண்டேனும் சோதித்து, வலி குறைந்த கணக்கோடு ஈரலின் கணக்கையும் வெளியிட வேண்டும். மஞ்சள் விளைக்கும் தேசத்தின் சர்க்கார் இச்செலவை மேற்கொள்வதில் தயங்குவதற்கு நியாயமில்லை. அதுவரையில், 'மூட்டு நோயை நீக்கும்' என்ற வாசகத்தைக் குப்பிகளிலிருந்து அழிக்குமாறு அதிகாரிகள் உத்தரவிட வேண்டும்.