நாற்காலி மாறினால் நியாயமும் மாறுமா?

புக்கிட் மெர்தாஜாம் கோப்பிக் கடைகளில் அரசியல் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. யார் யாரைக் கவிழ்த்தார்கள், யார் எந்தக் கட்சிக்குத் தாவினார்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் அத்துப்படி. ஆனால் டிபிபிஏ என்று தொடங்கிய அந்தப் பசிபிக் வணிக ஒப்பந்தத்தில் மலேசியா இப்போது உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். புக்கிட் மின்யாக் தொழிற்பேட்டையில் பல வருடம் வேலை பார்த்தவருக்கே பதில் தெரியாது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்ல வேண்டியவர்கள் சண்டையிலேயே காலத்தைக் கழித்துவிட்டார்கள்.

2016 ஜனவரி 27-ஆம் தேதி அந்த ஒப்பந்தத்தின் மீது மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 127, எதிர்ப்பு 84. தேசிய முன்னணி அரசாங்கம் ஆதரித்தது. ஜசெக, பிகேஆர், பாஸ் எல்லாம் எதிர்த்தன. நாட்டின் இறையாண்மை பறிபோகும், மருந்து விலை ஏறும், அந்நிய நிறுவனங்கள் நம் அரசாங்கத்தையே வழக்குக்கு இழுக்கும் என்றார்கள். சரி, கேட்க வேண்டிய கேள்விகள்தாம். மறு வருடம் ஜனவரியில் டிரம்ப் பதவியேற்றதும் அமெரிக்கா விலகிக்கொண்டது. எஞ்சிய 11 நாடுகள் 22 விதிகளை நிறுத்திவைத்துவிட்டு, 2018 மார்ச் 8-இல் சாந்தியாகோவில் புதிதாகக் கையெழுத்திட்டன. மலேசியாவும் கையெழுத்திட்டது. இரண்டு மாதத்தில் ஆட்சி மாறியது.

அங்கிருந்து நாம் வாசற்படியிலேயே நின்றோம். மகாதீர் அரசாங்கம் மறுபடி ஆராய வேண்டும் என்றது. 2020 பிப்ரவரியில் ஷெரட்டன் நகர்வு எனப்பட்ட கட்சித் தாவல். அந்த அரசாங்கமே கவிழ்ந்தது. அடுத்து முகிதீன், அவருக்குப் பின் இஸ்மாயில் சப்ரி. கடைசியில் 2022 செப்டம்பர் 30-ஆம் தேதி, பொதுத்தேர்தல் வாசலுக்கு வந்த நேரத்தில், ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தினார்கள். அது நவம்பர் 29-இல் நடப்புக்கு வந்தபோது அன்வார் பிரதமராகி ஐந்தே நாள் ஆகியிருந்தது. 2016-இல் எதிர்த்து வாக்களித்த ஜசெகவும் பிகேஆரும் இப்போது அரசாங்கத்தில். ‘வெளியேறுங்கள்’ என்று அரசு சாரா அமைப்புகள் குரல் கொடுத்தன. வெளியேறுவதென்றால் முடியாத காரியம் இல்லை. எழுத்து மூலம் அறிவித்தால் ஆறு மாதத்தில் விலகிவிடலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. விலகவும் இல்லை, ஏன் விலகவில்லை என்று எங்கள் ஊருக்கு வந்து யாரும் சொல்லவும் இல்லை.

அன்று தவறு என்று சொன்னது இன்று சரி என்றால், இடையில் என்ன மாறியது? மாறியிருக்கலாம். மருந்து சம்பந்தப்பட்ட விதிகள் பல அந்த 22-க்குள் வந்து நிறுத்திவைக்கப்பட்டன என்பது உண்மை. அதையாவது நாலு பேருக்குப் புரியும்படி சொல்லியிருக்கலாமே! ‘அன்று எதிர்த்தோம், இன்று இந்தக் காரணத்தால் ஏற்கிறோம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் கௌரவம் குறைந்தா போய்விடும்?

இந்த இழுபறியில் போனது சும்மா போன காலமில்லை. வியட்நாமில் 2019 ஜனவரியிலேயே ஒப்பந்தம் நடப்புக்கு வந்துவிட்டது. கனடா, மெக்சிகோ இரண்டுடனும் நமக்கு அதற்குமுன் வரிச்சலுகை ஒப்பந்தம் எதுவும் கிடையாது. கிட்டத்தட்ட நாலு வருடம் அந்தச் சந்தைகளில் அவர்களுக்குச் சலுகை, நமக்கு இல்லை. பிறை, ஜூரு, புக்கிட் மின்யாக், பத்து காவான் என்று தொழிற்சாலைகளை நம்பியே பிழைக்கும் வட்டாரம் எங்களுடையது. கோலாலம்பூரில் நாற்காலிச் சண்டை நீண்டால் இங்கே ஓவர்டைம் குறைகிறதா இல்லையா என்று கணக்குப் பார்க்கவாவது ஓர் ஆள் வேண்டாமா?

எனக்கு மிகவும் வயிறெரிவது தொழிற்சங்க விஷயத்தில்தான். 2016-இல் அமெரிக்காவோடு செய்த தொழிலாளர் ஏற்பாட்டில், சங்கம் அமைக்கும் சுதந்திரம், அந்நியத் தொழிலாளர்களின் கடப்பிதழை முதலாளி பிடுங்கி வைக்கக் கூடாது என்பதெல்லாம் இருந்தன. மின்னணுத் தொழிலாளர்களுக்கு நெடுங்காலம் நாடு தழுவிய சங்கமே மறுக்கப்பட்டது. 2009-இல்தான் வட்டார அளவில் அனுமதி கிடைத்தது. அப்பா அம்மா தோட்டத்தில் சங்கம் கண்டவர்கள். பிள்ளைகள் சிப் தொழிற்சாலையில் சங்கம் இல்லாமல் வேலை செய்தார்கள். அமெரிக்கா விலகியதும் அந்த ஏற்பாடும் போனது. ஒப்பந்தத்தை எதிர்த்தவர்களோ ஆதரித்தவர்களோ அதற்காக மேசையைத் தட்டியதாக எனக்கு நினைவில்லை. தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் 2024 செப்டம்பர் 15-இல்தான் நடப்புக்கு வந்தது. அப்போது மனிதவள அமைச்சர் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டீவன் சிம்தான். அது நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். எட்டு வருடம் முன்னால் நடந்திருக்க வேண்டியது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

விதி விதியாகப் படித்துப் பேசியவர்கள் இல்லாமல் இல்லை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும், காலஞ்சென்ற அதன் தலைவர் எஸ்.எம்.முகமது இத்ரிஸும் எந்த அரசாங்கம் வந்தாலும் ஒரே நிலையில் நின்று எதிர்த்தார்கள். அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் யார் ஆட்சியில் இருக்கிறார் என்று பார்த்து அவர்கள் பேச்சை மாற்றவில்லை. அந்த மரியாதை அவர்களுக்கு என்றும் உண்டு.

2025 அக்டோபர் 26-இல் டிரம்ப் கோலாலம்பூர் வந்து வரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது மறுபடி அதே கூச்சல். இந்த முறை இறையாண்மை போச்சு என்று கத்தியது எதிர்க்கட்சிப் பக்கம். பயப்படாதீர்கள் என்றது அரசாங்கப் பக்கம். 19 விழுக்காடு வரி எந்தப் பொருளுக்கு, எதற்கு விலக்கு என்று கேட்டவர்களுக்குக் கிடைத்தது கட்சி வசைதான்.

எங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் எந்தக் கட்சியாகவும் இருக்கட்டும். அடுத்த கையெழுத்துக்கு முன்னால் அல்மாவிலோ மாச்சாங் பூபோக்கிலோ ஒரு மண்டபத்தில் உட்காருங்கள். மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் பேச ஆள் வையுங்கள். குத்தகைத் தொழிலாளியும் சின்னப் பட்டறைக்காரரும் கேட்கிற கேள்விக்கு முகத்துக்கு நேரே பதில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்; மற்ற நாளில் ஷிப்ட் இருக்கும்.