அகதியா போனவர் ஊர் திரும்பினா கைதா? யாருக்கு என்ன பொறுப்பு?

தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் அகதியாக இருந்த இலங்கைத் தமிழ் முதியவர் ஒருவர், 2025 மே மாதக் கடைசியில் ஊர் திரும்பினார். கள்ளத்தோணியில் இல்லை; ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு, முறைப்படி விமானத்தில். யாழ்ப்பாணம் பலாலியில் இறங்கியதும் கைது! அன்றைக்கு பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டைவிட்டுப் போனதுதான் குற்றமாம்.

குண்டு விழுகிற நேரத்தில் பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் யார் நிற்பாங்க? இலங்கைக்குள்ளேயே கண்டனம் கிளம்பியது.

இங்கே என்ன நிலை?

வேலூர் ரோட்டில் திருவண்ணாமலைக்கு வருபவர்கள், வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீஸைப் பார்த்திருப்பீங்க. மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களுக்கு அரசு என்றால் அந்தக் கட்டடம்தான். உதவித்தொகை, வீடு போன்ற விஷயங்களில் மாவட்ட நிர்வாகத்தால் ஏதாவது செய்ய முடியும். ஆனால் குடியுரிமை கேட்டு மனு வந்தால்? அது மத்திய அரசின் கையில்.

1983-க்குப் பிறகு 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். 2021 கணக்குப்படி முகாம்களில் மட்டும் சுமார் 58 ஆயிரம் பேர். அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதும் அதில் அடக்கம். 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. பெயர் மாறியது நல்லதுதான். சட்டத்தின் பார்வை மாறவில்லையே! 2019 குடியுரிமை திருத்தச் சட்டத்தில் இலங்கைக்கு இடமில்லை.

விலக்கு உண்டு, உரிமை?

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களிடம் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக இனி தண்டனை கிடையாது. பெரிய நிம்மதி. ஆனால் இது குடியுரிமை இல்லை.

ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததை இந்தியா மன்னிக்கிறது. பாஸ்போர்ட் இல்லாமல் போனதை இலங்கை குற்றம் என்கிறது. நடுவில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது ஐ.நா. மூன்று தரப்பும் பேசி முடிக்காமல் விமானம் ஏற்றினால் இதுதான் நடக்கும்.

உலகம் என்ன சொல்கிறது?

ஒரு சில நாடுகள் மேல் மட்டும் பாரம் விழக் கூடாது என்று 1951 அகதிகள் உடன்படிக்கையின் முன்னுரையிலேயே இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் அதில் கையெழுத்திடவில்லை. 2018-ல் வந்த உலக அகதிகள் ஒப்பந்தத்துக்கு இந்தியா ஆதரவு கொடுத்தது. ஆனால் அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. உலக அகதிகளில் 70 சதவீதத்துக்கும் மேலானவர்கள் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்தான் இருக்கிறார்கள். அமெரிக்கா நிதியைக் குறைத்ததால் 2025-ல் ஐ.நா. ஆணையமே ஆட்களைக் குறைத்தது.

பணம் வர நாளாகலாம். ஆனால் போருக்குத் தப்பி ஓடியவர்கள்மேல் அந்தச் சட்டம் பாயாது என்று இலங்கை திருத்தம் கொண்டுவர பணம் வேண்டாம். முகாமிலேயே பிறந்து, இலங்கையைப் பார்த்தே இராத பிள்ளைகளுக்கு டெல்லி குடியுரிமை கொடுக்கவும்தான்.