சுருள்முடி ஒரு குற்றமா?

பெண்ணின் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டா, பூவும் சாந்தும் சேர்ந்து ஊட்டிய செயற்கையா என்று பாண்டிய மன்னன் ஒருவனுக்கு ஐயம் எழுந்ததாம். ஐயத்தைத் தீர்க்கும் பாட்டுக்குப் பொற்கிழி என்றார்கள். பாட்டில் குற்றம் கண்ட நக்கீரரோ நெற்றிக்கண்ணுக்கு ஆளானார். இந்தத் திருவிளையாடற் கதையைக் கேளாத தமிழ் மாணவர் இருக்க மாட்டார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெரிய வழக்கில் கூட, கூந்தல் சுருளாக இருப்பது சரியா என்று எவரும் கேட்கவில்லை! அந்தக் கேள்வி நம் காலத்துக்கென்றே காத்திருந்தது போலும்.

முலுண்ட் நிலையத்தைவிட்டு வெளியே வந்து பாஞ்ச் ரஸ்தா வரையில் நடந்து பாருங்கள். ஒப்பனை நிலையங்களின் பலகைகளில் 'பிரேசிலியன் கெராட்டின்', 'ஸ்மூத்தனிங்' என்ற சொற்கள் கண்ணைப் பறிக்கின்றன. உள்ளே சென்று சில ஆயிரம் ரூபாயைக் கொடுத்தால், பிறவியில் வந்த சுருளை நீவி, சில திங்களுக்கு நேராக்கி அனுப்புகிறார்கள். வேலைக்கான நேர்முகத் தேர்வு நெருங்கும்போதும், பெண் பார்க்க வரும்போதும் நம் கல்லூரித் தோழியர் பலர் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளுகின்றனர். தோழர்களும் இதில் இளைத்தவர்கள் அல்லர். ஆகவே இதைப் 'பெண்கள் விவகாரம்' என்று தள்ளிவிட்டுப் போக யாருக்கும் உரிமையில்லை.

முதலில் பிரேசிலின் மேல் விழுந்த பழியைத் துடைப்போம். பிரேசில் நாட்டு வீடுகளில் வழிவழியாக வந்த கூந்தல் வைத்தியம் எது தெரியுமா? ஈரம் உலராத தலைமுடியைத் தலையைச் சுற்றி இறுக்கமாக வாரி, ஊசி குத்தி, மேலே துணியையோ காலுறையையோ கட்டிக்கொண்டு உறங்குவார்கள். விடிந்ததும் அவிழ்த்தால் முடி நீவிவிட்டாற்போல் இருக்கும். இதற்குத் 'தோக்கா' என்று பெயர். இன்னொன்று, சோளமாவைக் காய்ச்சிக் கூழாக்கி, தேங்காய்ப்பாலும் சேர்த்துத் தலையில் பூசுவது. வடகிழக்கில் மராஞ்ஞாவோ மாநிலத்தில் பாபாசூ என்னும் பனையினத்து மரத்தின் கொட்டையை உழைக்கும் பெண்கள் கையால் உடைத்து எண்ணெய் எடுக்கிறார்கள். தனியார் நிலத்தில் நிற்கும் மரமாயினும் அதன் காயைப் பொறுக்க ஏழைப் பெண்களுக்கு உரிமை வேண்டும் என்று போராடி, 1997-இல் லாகோ தோ ஜுங்கோ என்ற ஊரில் அதற்கொரு சட்டத்தையும் பெற்றார்கள். அந்த எண்ணெயில் நம் தேங்காயெண்ணெயைப் போலவே லாரிக் அமிலம் மிகுதி.

இதையெல்லாம் கேட்கும்போது நம் பாட்டிமார் நினைவு வரவில்லையா? வடித்த கஞ்சியில் சீயக்காய்த்தூளைக் கரைத்துத் தேய்த்ததும், அரப்பும் வெந்தயமும் செம்பருத்தி இலையும் அரைத்துப் பூசியதும், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலும் அதே அறிவின் தமிழ்க் கிளை அல்லவா? கடல் பல கடந்து இரண்டு நாட்டுப் பாட்டிமாரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: முடிக்குத் தேவை கொழுப்பும் குழைவும் பொறுமையும்.

ஆயினும் பாட்டி வைத்தியம் என்றாலே கும்பிட்டுவிடுவதும் மாணவருக்கு அழகன்று. சோளக்கூழும் கஞ்சியும் சுருளை நேராக்குமா? ஆக்கா. காரணத்தை வேதியியல் சொல்லும். முடி, கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் இழைகளை இரண்டு வகைப் பிணைப்புகள் முக்கியமாகக் கட்டிவைத்திருக்கின்றன. ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு; நீர் பட்டால் தளரும், உலர்ந்தால் இறுகும். மற்றொன்று கந்தகப் பிணைப்பு, தண்ணீருக்கு அசையாது. ஈரமுடியை இழுத்துக் கட்டி உலரவிட்டால் முதல் வகை மட்டும் புது வடிவில் இறுகுகிறது. மறுபடி ஈரம் பட்டதும் பழைய வடிவம் திரும்பிவிடுகிறது. பம்பாயின் ஆடி மாதத்து மழைக்காற்றில் அது எத்தனை நாழிகை நிற்கும் என்று முலுண்டிலிருந்து மின்ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூழும் கஞ்சியும் முடியின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து மினுமினுப்பைத் தரும், சிக்கைக் குறைக்கும். அவ்வளவே. எண்ணெயின் பயனோ ஆய்வில் தேறியது. நம் பம்பாயைச் சேர்ந்த மாரிக்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ரேலேயும் மோஹிலேயும் 2003-இல் வெளியிட்ட கட்டுரையில், தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை என்றும் காட்டினார்கள். எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுதானே என்று கேட்கலாம். கேட்பது நல்லதே. ஆனால் சோதனை அச்சில் இருக்கிறது; ஆய்வுக்கூடம் உள்ள எவரும் செய்து பார்க்கலாம்.

இனி, பிரேசிலின் பெயரால் கடையில் விற்கப்படுவதைப் பார்ப்போம். விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் தவளையும் பாம்பும் ஊறும் கண்ணாடிப் புட்டியைத் திறந்தவர்களுக்கு ஒரு நெடி நினைவிருக்கும். அதுதான் பார்மலின், பார்மால்டிஹைடு என்னும் வாயுவை நூற்றுக்கு 37 பங்கு அளவில் நீரில் கரைத்தது. முடியின் புரத இழைகளை ஒன்றோடொன்று பூட்டி நேராக நிறுத்தும் ஆற்றல் இந்தப் பொருளுக்கு உண்டு. முடியில் இதைத் தடவி, 200 பாகைக்கும் மேற்பட்ட வெப்பமுள்ள இரும்பால் அழுத்தினால் புகை எழும். அந்தப் புகையில் வாயு வெளிப்படும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் பார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது.

பிரேசில் அரசு கைகட்டி நிற்கவில்லை. அதன் நலவாழ்வுக் கண்காணிப்பு நிறுவனமாகிய அன்விசா, 2009-இல் மருந்துக்கடைகளிலும் பேரங்காடிகளிலும் பார்மால்டிஹைடை விற்பதற்கே தடை விதித்தது. பொருள் கெடாமல் காக்க 0.2 விழுக்காடு வரை அங்கே இடமுண்டு. முடியை நேராக்க இடமில்லை. பிறந்த நாடு துரத்திய முறையை அந்த நாட்டின் பெயராலேயே உலகெங்கும் விற்றார்கள் என்றால், இதைவிட வேடிக்கை உண்டா?

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 2010-இல் ஓரிகன் மாநிலத்தில் ஒப்பனைத் தொழிலாளி ஒருவர், மூச்சுத் திணறுகிறது, மூக்கில் குருதி வடிகிறது என்று முறையிட்டார். 'பார்மால்டிஹைடு இல்லாதது' என்று முகப்பில் அச்சிட்டிருந்த 'பிரேசிலியன் புளோ-அவுட்' என்ற சரக்கை அம்மாநிலத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை சோதித்தது. சராசரி 8 விழுக்காட்டுக்கு மேல் பார்மால்டிஹைடு இருந்தது! 'மெதிலீன் கிளைக்கால்' என்று வேறு பெயர் சொல்லிப் பார்த்தார்கள். பார்மால்டிஹைடு நீரில் கரைந்தால் பெறும் பெயரே அது. 2011-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்நிறுவனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் விடுத்தது.

பெயர் கெட்டதும் புதுச் சரக்கு வந்தது: கிளையாக்சிலிக் அமிலம். இதிலும் பாதுகாப்பு இல்லை. மும்முறை முடி நேராக்கிக்கொண்ட 26 வயதுப் பெண் ஒருவருக்கு மும்முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2024-இல் வெளியிட்டனர். பூசிய களிம்பில் அந்த அமிலம் 10 விழுக்காடு இருந்தது. எலிகளின் தோலில் பூசிச் சோதித்தபோது அவற்றின் சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தோன்றின. 2022-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 33,497 அமெரிக்கப் பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டு கவனித்தது. முடி நேராக்கும் வேதிப்பொருள்களைத் தொடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு, ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 விழுக்காடு. வாய்ப்பு இன்னமும் சிறியதுதான். எந்தப் பொருள் காரணம் என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவுமில்லை. பீதி வேண்டா. ஆனால் கவலையின்றிக் கண்ணை மூடிக்கொள்வதற்கும் இது இடம் தரவில்லை.

தலையைக் கொடுப்பவர் ஆண்டுக்கு இருமுறையோ மும்முறையோ அந்தப் புகையை முகர்கிறார். தாராவியிலிருந்தும், முலுண்டின் குன்றோரச் சால்களிலிருந்தும் வந்து நாள் முழுவதும் அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் பெண்ணோ? குளிரூட்டிக்காகச் சன்னலை அடைத்த சின்னஞ்சிறு அறையில் அவள் அந்தப் புகையை நாள்தோறும் சுவாசிக்கிறாள். நம்மில் சிலருக்கு அவள் அக்காள், சிலருக்குத் தங்கை, ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தவள். நம் கூந்தலின் நேர்மைக்கு அவள் நுரையீரல் விலையா? மாணவர் இதழில் இதை எழுத வேண்டிய காரணமே இதுதான்.

இத்தனை இடர் இருந்தும் மக்கள் ஏன் போகிறார்கள்? பிரேசிலின் வரலாறு விடை சொல்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோரை அந்நாட்டுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். 1888-இல் அடிமைமுறை ஒழிந்தது. அதன் அளவுகோல் ஒழியவில்லை. சுருண்ட முடிக்கு 'கபேலோ ரூயிம்', அதாவது 'கெட்ட முடி' என்று பெயர் நிலைத்தது. வேலை விளம்பரங்களில் 'நல்ல தோற்றம் வேண்டும்' என்று எழுதினால், கறுப்பர் வரவேண்டா என்று பொருள் கொள்ளப்பட்டது. இப்போது அந்நாட்டு இளம்பெண்கள் பலர் நேராக்கிய முடியை வெட்டி எறிந்து சுருளை வளரவிடுகின்றனர். 2015-இல் சாவோ பாவுலோ நகரத்தில் சுருள்முடிப் பெருமிதப் பேரணியே நடத்தினார்கள்.

நமக்கு இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? தமிழ் மரபிலிருந்து வரவில்லை. சங்கப் புலவர்கள் கூந்தலுக்கு உவமை தேடி ஆற்றங்கரைக்குப் போனார்கள். நீர் ஓடி வடிந்தபின் கருமணலில் படியும் நெளிவை, அறலை, அழகின் எல்லையாகக் கண்டார்கள். சுரிகுழல் என்றும் நெறிகுழல் என்றும் பாராட்டினார்கள். சுருளைக் குறை என்று சொல்லக் கற்றுக்கொடுத்தது விளம்பரப் பலகையே.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. திருமலையிலும் பழநியிலும் நேர்த்திக்கடனாக இறக்கும் முடி ஏலத்தில் விற்கப்பட்டுக் கடல் கடக்கிறது. உலகச் சந்தையில் 'பிரேசில் முடி' என்று விற்கும் சவரிகளில் பலவும் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் போனவையே. 'பிரேசில்' என்பது ஒரு நெளிவு வகைக்கு வணிகர் இட்ட பெயர். நம் முடி பிரேசில் என்று அங்கே விலை போகிறது. பிரேசில் என்ற பெயருக்கு நாம் இங்கே விலை கொடுக்கிறோம்! கொடுத்ததும் நாமே, ஏமாந்ததும் நாமே.

"என் முடி, என் விருப்பம், நீ யார் கேட்க?" என்று தோழியர் சினக்கலாம். சினம் நியாயமானதே. பின்னலோடுதான் வரவேண்டும் என்று கட்டளையிடும் வேலை நமக்கு வேண்டா. ஆனால் விருப்பம் விருப்பமாக இருக்கவேண்டுமானால் செய்தி முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். பொய்ச்சீட்டு ஒட்டிய புட்டியை நம்பிச் செய்வது விருப்பம் அன்று; ஏமாற்றம். 'இயற்கை' என்ற சொல்லிலும் மயங்க வேண்டா. 'கறுப்பு மருதாணி' என்ற பெயரில் பிபிடி என்னும் சாயத்தைக் கலந்து விற்பதும், அதனால் தோல் வெந்துபோவதும் நடப்பதுதான். பெயரைப் பார்க்காதீர்கள், பொருளைப் பாருங்கள்.

செய்யக்கூடியது சில உண்டு. நேராக்கிக்கொள்ள முடிவு செய்தவர் புட்டியை வாங்கிப் படியுங்கள். அடங்கிய பொருள்களின் பட்டியலைக் கேட்பது வாங்குவோரின் உரிமை. பார்மால்டிஹைடு, பார்மலின், மெதிலீன் கிளைக்கால், கிளையாக்சிலிக் அமிலம் என்று எது இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பட்டியலே இல்லையென்றாலும் எழுந்து வாருங்கள். கண் எரிந்தால் சன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். அந்தக் குரல் நாற்காலிக்குப் பின்னால் நிற்பவளுக்கும் சேர்த்து ஒலிக்கும். நம் சங்கத்து வேதியியல் மாணவர்கள் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, இந்தப் பெயர்களைத் தமிழிலும் மராத்தியிலும் ஒரு துண்டுத்தாளில் அச்சிட்டு, முலுண்ட், செம்பூர், தாராவி ஒப்பனை நிலையங்களில் வேலை செய்யும் பெண்களுக்குக் கொடுத்தால் என்ன? படித்த படிப்புக்கு அது ஒரு பயன் அல்லவா?

மற்றவர்களுக்கு மாதுங்காக் கடைத்தெரு இருக்கிறது. சீயக்காயும் வெந்தயமும் தேங்காயெண்ணெயும் அங்கே கிடைக்கின்றன. நாளை விழா, முடி சற்றே நேராக இருக்கவேண்டும் என்றால், பிரேசில் பாட்டியின் தோக்காவை இன்றிரவு கட்டிப் பாருங்கள். செலவில்லை, புகையில்லை. மறுநாள் மழை வந்து கலைத்துவிட்டால் கலைக்கட்டும். ஆற்று மணலின் அறல் கூந்தலுக்குத் திரும்பிவிட்டது என்று எண்ணித் தலைநிமிர்ந்து வகுப்புக்கு வாருங்கள்.