சிறு வகுப்பும் பெரிய கடமையும்

மாணவர் சிலரே இருந்தால் கல்வி சிறக்கும் என்பது பெற்றோர் பலரின் நம்பிக்கை. இல்லக்கல்வியை நாடுவோர் கூறும் காரணங்களுள் இதுவும் ஒன்று. மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில், தோட்டங்கள் சூழ்ந்த செலண்டார் போன்ற சிற்றூர்களில் இந்த நம்பிக்கையைச் சற்று நிதானமாக ஆராய வேண்டியுள்ளது.

இல்லக்கல்வி என்பது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் விட்டுவிடுவதன்று. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 2002இல் திருத்தப்பட்டு, 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. இதனை மீறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட்டுக்கு மிகாத அபராதமோ, ஆறு மாதத்திற்கு மிகாத சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிக்க விரும்புவோர் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும்.

நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் குழு வகுப்பின் ஒரு நாளைக் கற்பனை செய்து பார்க்கலாம். காலை எட்டு மணிக்கு ஒரு வீட்டின் வரவேற்பறை வகுப்பறையாகிறது. ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான எட்டுப் பிள்ளைகள் ஒரே மேசையைச் சுற்றி அமர்கின்றனர். பின்னம் புரியாத பிள்ளைக்காகத் தோசை ஒன்று நான்காகவும் எட்டாகவும் வெட்டப்படுகிறது. புரியாதவரை விட்டுவிட்டுப் பாடம் நகர்வதில்லை. புரிந்தவர் வீணே காத்திருப்பதும் இல்லை. மூத்தவன் தன் கணக்கை முடித்துவிட்டு இளையவளுக்கு வாசிக்கச் சொல்லித் தருகிறான். பிற்பகலில் வீட்டுக் கொல்லையில் வளரும் வெண்டைச் செடி அறிவியல் பாடமாகிறது.

இம்முறை தமிழர்க்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளியில் ஒரே ஆசிரியரிடம் பல வயதுப் பிள்ளைகள் பயின்றனர். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோர்க்குக் கற்பித்தான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்தி, மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். தம் அனுபவத்தை 1797இல் நூலாகவும் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரில் அது இங்கிலாந்திலும் பரவியது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும், அட்டைகளின் துணையோடு ஒவ்வொரு மாணவரும் தத்தம் வேகத்தில் கற்க வழிசெய்தது.

ஆகவே, குழு வகுப்பின் பயனை மறுப்பதற்கில்லை. உடல்நலக் குறையால் பள்ளிக்குச் செல்ல இயலாத பிள்ளைக்கு அது பெரும் துணையாகும். இருப்பினும், இரண்டு குறைகளைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, பழகும் வட்டம் சுருங்கிவிடுகிறது. தனி மரம் தோப்பாகாது. வேறுபட்ட குணமும் பின்னணியும் கொண்டவர்களோடு விளையாடி, முரண்பட்டு, மீண்டும் இணங்கிப் போகும் பயிற்சி, ஒத்த கருத்துடைய சில குடும்பங்களுக்குள் எளிதில் கிடைப்பதில்லை.

இரண்டாவது, தாய்மொழி பின்னுக்குத் தள்ளப்படும் அபாயம் உண்டு. கணிதம், அறிவியல் ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் பாடநூல்களும் காணொலிகளும் குவிந்துள்ளன. தமிழுக்கோ பெற்றோரே முனைந்து நேரம் ஒதுக்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசினால் போதும் என்று சிலர் எண்ணுகின்றனர். பேச்சு வேறு, எழுத்து வேறு. லகர, ளகர, ழகர வேறுபாட்டைப் பிழையின்றி எழுதும் திறன் நாள்தோறும் பழகினால்தான் கைகூடும். தனிப்பட்ட முறையில் எஸ்.பி.எம். தேர்வு எழுதும் மாணவர் தமிழ்மொழித் தாளுக்குப் பதிந்துகொள்ளலாம். ஆனால், தொடக்கத்திலேயே தமிழைக் கைவிட்டவர் அந்த வாய்ப்பைப் பயன்படுத்துவது கடினம்.

இன்னோர் உண்மையும் எண்ணத்தக்கது. மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. அவ்வாறு தோட்டங்களில் எழுந்த பள்ளிகள் பலவும் இன்று 150க்கும் குறைவான மாணவர்களோடு இயங்குகின்றன. மாணவர் எண்ணிக்கை மிகக் குறைந்த பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்து பயில்வதும் உண்டு. பெற்றோர் வீட்டில் உருவாக்க விரும்பும் சிறு வகுப்பு, பயிற்சி பெற்ற ஆசிரியரோடும் தமிழோடும் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. நாற்பது பேர் பயிலும் பள்ளியிலிருந்து நான்கு பேர் விலகினால் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அவ்விழப்பை எஞ்சிய மாணவர்களே சுமக்க நேரிடும்.

எனவே, சிறு வகுப்பை விரும்பும் பெற்றோர் முதலில் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குச் சென்று ஒரு வகுப்பு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிந்துவருவது நலம். அதன் பின்னரும் இல்லக்கல்வியே ஏற்றது என முடிவெடுத்தால், முறையான அனுமதி, நாள்தோறும் ஒரு மணி நேரத் தமிழ்ப்பாடம், ஊர்ப் பிள்ளைகளோடு கூடி விளையாட வாய்ப்பு ஆகிய மூன்றையும் உறுதிசெய்ய வேண்டும். வகுப்பு சிறியதாக இருக்கலாம். அதில் வளரும் பிள்ளையின் உலகம் சிறியதாகிவிடக் கூடாது.