சாராயப் போத்தல் போனது, சோடாப் போத்தல் வந்தது



போன வருஷம் மேதினத்துக்கு நம் தோட்டத்திலிருந்து பஸ் புறப்பட்டபோது அதில் ஒரு சொட்டுச் சாராயமும் இருக்கவில்லை. மாதர் அணி எடுத்த முடிவு அது. இளைஞர்களும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது சண்டை இல்லை, வாந்தி இல்லை, வழியில் யாரையும் தேடவும் வேண்டியிருக்கவில்லை. சங்கம் அதற்காகப் பெருமைப்படலாம்.

ஆனால் அதே பஸ்ஸின் பின் ஆசனத்தில் ஆறு பெட்டி இனிப்புச் சோடா இருந்தது. அதற்கான பில்லில் கையெழுத்துப் போட்டவன் நான். ஊர்வலம் முடிவதற்குள் ஆறு பெட்டியும் காலி. கால் விரலில் ஆறாத புண்ணோடு வந்திருந்த நம் பழைய தோழர் ஒருவர், பல வருஷமாகச் சீனி வருத்தக்காரர், ஒரு முழுப் போத்தலையும் குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "சேர், சாராயந்தானே கூடாதுன்னீங்க. இது சின்னப் புள்ளைங்க குடிக்கிறது. இதுல என்னாங்க இருக்கு?"

அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. இந்த வருஷ மேதினம் வருவதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும். சித்திரை விடுமுறைக்கு இறக்கக்கண்டிக்கு வந்து, அம்மாவின் வீட்டுத் திண்ணையில் இருந்து இதை எழுதுகிறேன். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கொழுந்துக் கூடையை அம்மா அங்கேயே விட்டுவிட்டார். சீனி போட்ட சாயத்தண்ணியை மட்டும் கூடவே கொண்டுவந்தார். இப்போது அவருக்கும் சலரோகம்.

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். நாம் சாப்பிடும் மாச்சத்தும் இனிப்பும் உடம்பில் குளுக்கோசாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. சில உணவு சட்டென்று சேர்க்கும், சில மெதுவாகச் சேர்க்கும். காய்ந்த தென்னோலையில் பற்றிய தீ ஒரேயடியாக எழுந்து அடங்கிவிடும். விறகுக் கட்டை நின்று எரியும். அதுபோலத்தான். இந்த வேகத்தை அளக்க 1981ஆம் ஆண்டு கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் அளவுகோலை உண்டாக்கினார்கள். கிளைசீமிக் குறியீடு என்று அதற்குப் பெயர். சுத்தமான குளுக்கோசுக்கு 100. 55உம் அதற்குக் கீழும் குறைவு, 56 முதல் 69 வரை நடுத்தரம், 70உம் அதற்கு மேலும் அதிகம். சீனி ஏறக்குறைய 65இல் நிற்கிறது.

இந்த எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். எவ்வளவு வேகம் என்பதோடு எவ்வளவு அளவு என்பதும் முக்கியம். குறியீடு குறைந்த பானத்தையும் ஒரு லீற்றர் குடித்தால் உள்ளே போகிற இனிப்பு போனதுதான். அதிலும் குடிக்கிற இனிப்புக்கு மெல்லுகிற வேலை இல்லை, நார்ச்சத்து இல்லை, வயிறு நிறைந்த உணர்வும் இல்லை. ஒரு தோடம்பழத்தைச் சுளையாகத் தின்றால் ஒன்றோடு நின்றுவிடுவோம். பிழிந்து வடித்தால் மூன்று பழத்தின் இனிப்பை ஒரே மூச்சில் குடித்துவிடுவோம்.

இனிப் போத்தலுக்கு வருவோம். இலங்கையில் 2016 ஓகஸ்ட் முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் நிறக்குறி இருக்க வேண்டும் என்பது சட்டம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 வரை செம்மஞ்சள். 2க்குக் கீழே என்றால் பச்சை. நம்மில் பலர் செம்மஞ்சளைக் கண்டால் "பரவாயில்லை" என்று நினைக்கிறோம். கரும்பலகையில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும் கணக்கை இங்கேயும் போடுகிறேன். போத்தலில் 100 மில்லிலீற்றருக்கு 8 கிராம் என்று இருக்கிறது. நிறம் செம்மஞ்சள். போத்தல் 400 மில்லிலீற்றர். 8ஐ 4ஆல் பெருக்கினால் 32 கிராம். மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம். ஆகவே அந்த ஒரு போத்தலில் 8 தேக்கரண்டி சீனி. வீட்டில் ஒரு கோப்பைத் தண்ணீரில் 8 கரண்டி சீனி போட்டுக் கொடுத்தால் யாராவது குடிப்போமா?

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது இது: உணவிலும் பானத்திலும் சேர்க்கிற சீனி நாளின் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். அதிலும் பாதியாக, அதாவது ஏறக்குறைய 25 கிராமாக, ஆறு தேக்கரண்டியாகக் குறைத்தால் இன்னும் நல்லது. ஒரே போத்தல் அந்த ஆறையும் தாண்டிவிடுகிறது.

ஆனால் போத்தலை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. சோடா என்றைக்கோ ஒருநாள் வருவது. சாயத்தண்ணி தினமும் நம்மோடு இருப்பது. கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் 10 கரண்டி, 40 கிராம். கரண்டியைக் குவித்து அள்ளினால் கணக்கு இன்னும் ஏறும். டின்பால் ஊற்றினால் அதில் ஏறக்குறைய பாதி இனிப்புத்தான்.

இதற்காக யாரையும் நான் குறை சொல்ல வரவில்லை. ஆறு மணிக்குப் பெரட்டுக்குப் போகிறவளுக்கு அடுப்பு மூட்டிச் சாப்பிட நேரமில்லை. சீனி போட்ட ஒரு கோப்பைத் தேத்தண்ணிதான் அவளுடைய காலைச் சாப்பாடு. மலையில் நிற்கும்போது பக்கத்தில் நல்ல தண்ணீர் இல்லை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை நட்ட நாளிலிருந்து நல்ல இலை கப்பலேறுகிறது, நமக்குத் தூள் மிஞ்சுகிறது. அந்தத் தூளைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால் துவர்ப்பு ஏறும். துவர்ப்பை மறைக்கச் சீனி ஏறும். பசியும் அவசரமும் சேர்ந்து நமக்குப் பழக்கிய இனிப்பு இது.

அப்படியானால் என்ன குடிக்கலாம்? நம் கைக்கு எட்டியதையே சொல்கிறேன்.

முதலாவது தண்ணீர். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். தாகத்துக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை.

இரண்டாவது, நாம் பறிக்கிற அதே தேயிலை, சீனி இல்லாமல். சீனியும் பாலும் இல்லாத தேத்தண்ணியில் சர்க்கரையை ஏற்ற எதுவுமே கிடையாது. தூளைப் போட்டுக் கொதிக்க விடாதீர்கள். கொதித்த தண்ணீரை ஊற்றி மூன்று நான்கு நிமிஷம் மூடி வைத்து வடித்துவிடுங்கள். துவர்ப்புக் குறையும். இஞ்சி, ஏலம், கறுவா எது கிடைத்தாலும் தட்டிப் போடலாம். ஒரே நாளில் சீனியை நிறுத்தச் சொன்னால் யாராலும் முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைக் கரண்டி குறையுங்கள். நாக்கு பழகிவிடும். நம் பாட்டிமார் உள்ளங்கையில் துளி சீனியை வைத்துத் தொட்டுத் தொட்டுக் குடித்தார்கள். ஒரு கோப்பைக்கு அரைக் கரண்டிகூடச் செலவாகாது. அந்தப் பழக்கத்துக்கே திரும்பலாம்.

இன்னொன்றும் உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இரத்தக் குறைவு நம் பெண்களுக்குப் பழைய நோய். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

மூன்றாவது மோர். இங்கே மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரைக் கரைத்து, உப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்டால் வெயிலுக்கு அதுவே மருந்து. மலையில் மாடு வைத்திருக்கிற லயங்களிலும் இது முடியும். கொத்தமல்லித் தண்ணி, சீனி போடாத ஆவாரம்பூத் தேத்தண்ணி, வல்லாரை இலைக்கஞ்சி எல்லாம் நல்லவை. கஞ்சியில் சோறு இருப்பதால் அதைச் சாப்பாடாகக் கணக்கில் எடுங்கள்.

இளநீர் நல்லது, ஆனால் அதிலும் இயற்கை இனிப்பு உண்டு. சீனி வருத்தக்காரர் ஒன்றோடு நிறுத்த வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர் டொக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது. பனங்கட்டியும் சீனிதான், கறுப்பாக இருப்பதால் அது மருந்தாகிவிடாது. பதநீரும் பானகமும் சாராயம் இல்லை என்பது சரி, இனிப்பு இல்லை என்று சொல்ல முடியாது.

ஓர் எச்சரிக்கை. சலரோக மருந்தோ ஊசியோ எடுக்கிற ஒருவருக்குத் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தமாகலாம். நினைவோடு இருந்தால் அந்த நேரத்தில் சீனித் தண்ணீரோ இனிப்புச் சோடாவோ உடனே கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு மருந்தை யாரும் தாங்களாகக் குறைக்கவும் வேண்டாம்.

அரசாங்கத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. 2017 நவம்பரில் இனிப்புப் பானங்களுக்குச் சீனியின் ஒவ்வொரு கிராமுக்கும் 50 சதம் என்று வரி போட்டார்கள். பின்பு அதைக் குறைத்தார்கள். ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் கேட்டு நாம் வருஷக்கணக்காகத் தெருவில் நின்று 2021இல்தான் அது சட்டமானது. அப்படி வாங்கிய காசு சோடாவுக்கும் பிறகு கிளினிக் போகிற பஸ்ஸுக்கும் போவதைச் சங்கம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே தோட்டக் கமிட்டிகளின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று, சங்கக் காசில் இனி இனிப்புச் சோடா வாங்குவதில்லை. இந்த மேதினத்துக்கு மோர்ப்பந்தல் போடுவோம். கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடத் தெரிந்த நமக்கு அது பெரிய வேலை இல்லை.

இரண்டு, சங்கக் கூட்டங்களில் தேத்தண்ணியைச் சீனி இல்லாமல் ஊற்றுவோம். சீனி தனியாக இருக்கட்டும். வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும்.

மூன்று, கொழுந்து பறிக்கும் மலைக்கே சுத்தமான குடிதண்ணீர் வர வேண்டும், காலையில் சாப்பிட நேரம் வேண்டும் என்பதை அடுத்த பேச்சுவார்த்தையில் கோரிக்கையாக வைப்போம். பச்சைத் தண்ணீருக்கு வழியில்லாதவரிடம் சீனியைக் குறை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

நான்கு, 35 வயது தாண்டிய எல்லோரும் அரசாங்க ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்துக்கொள்வோம். 100க்குக் கீழே என்றால் நிம்மதி. 126உம் அதற்கு மேலும் வந்தால் டொக்டர் மறுபடி பார்த்து உறுதிசெய்வார். இடையில் நின்றால் அது எச்சரிக்கை. இப்போதே திருந்த நேரம் இருக்கிறது.

அம்மா இப்போது தேத்தண்ணி கொண்டுவந்து வைத்திருக்கிறார். இஞ்சி தட்டிப் போட்டது, அரைக் கரண்டி சீனி. மூன்று மாதத்துக்கு முன் இரண்டு கரண்டி. "இது என்னாடா தேத்தண்ணி" என்று இன்னும் முணுமுணுக்கிறார், ஆனாலும் குடிக்கிறார்.

அந்தப் பழைய தோழர் இந்த வருஷமும் பஸ்ஸில் வருவார். அவர் கையில் ஒரு கோப்பை மோர் கொடுத்து, போன வருஷம் சொல்லாத பதிலைச் சொல்ல வேண்டும். பில்லில் கையெழுத்துப் போட்டவன் நான் என்பதால், முதல் கோப்பையை நானே ஊற்றுகிறேன்.