பழவேற்காட்டில் படகு ஏறலாமா?

பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் 11 பேர் லஸ் முனையில் விடியற்காலை வேன் ஏறிப் பழவேற்காடு போனோம். மீஞ்சூர், பொன்னேரி தாண்டும்வரை வேனுக்குள் ஒரே அரட்டை. ஏரியைப் பார்த்ததும் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். தூரத்தில் தண்ணீர் மேல் வெள்ளையாக ஒரு கோடு. பைனாகுலரில் பார்த்தால் அத்தனையும் பூநாரை. அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, பாசியையும் பொடி இறாலையும் வடிகட்டித் தின்றுகொண்டிருந்தன. அந்த ரோஸ் நிறமே சாப்பாட்டிலிருந்து வருவதுதான் என்று விளக்க ஆரம்பித்தேன். "சார் இன்னும் ரிடையர் ஆகலை" என்று கேலி செய்தார்கள்.

அப்போது கரையில் ஒருவர் வந்தார். "படகு போலாமா சார்? பறவைக்குப் பக்கத்துலயே கூட்டிட்டுப் போறேன்" என்றார். எட்டுப் பேர் எழுந்துவிட்டார்கள். "லைஃப் ஜாக்கெட் இருக்காப்பா?" என்று கேட்டேன். "இடுப்பளவு தண்ணிதான் சார், அது எதுக்கு?" என்றார்.

நான் ஏறவில்லை. மற்றவர்களையும் ஏற விடவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குத் திட்டு.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியில் சுற்றிப் பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. ஏரி பெரும்பாலும் ஆழம் குறைவுதான், அந்தப் படகுக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கம் ஆழமும் இழுப்பும் வேறு. புடவை கட்டிக்கொண்டு மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பளவுத் தண்ணீரே போதாதா?

அந்த விபத்துக்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள். தடையும் இருக்கிறது, படகும் போகிறது. எனக்கு இதுதான் பயம். முறைப்படி அனுமதி கொடுத்தால் எத்தனை பேர் ஏறலாம், ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்க ஓர் ஆள் இருப்பார். திருட்டுத்தனமாகப் போகும் படகில் யார் கேட்பது?

பறவைக்கும் இதில் தொல்லைதான். "இன்னும் கொஞ்சம் பக்கத்துல போப்பா" என்று நாம் சொல்வோம், அவர் மோட்டாரை முடுக்குவார், கூட்டம் மொத்தமாக எழும்பும். நமக்கு நல்ல வீடியோ. பூநாரை நின்ற இடத்திலிருந்து சட்டென்று பறந்துவிடாது. தண்ணீர் மேல் ஓடித்தான் மேலே எழும்ப வேண்டும். மேய வந்த பறவையை ஒரு காலையில் நாலு தடவை அப்படி ஓடவிட்டால் அது எப்போது தின்னும்?

ஒடிசாவில் சில்கா ஏரிக்கரையில் மங்களாஜோடி என்று ஓர் ஊர். 2018-இல் நானும் வீட்டம்மாவும் போயிருந்தோம். ஒரு காலத்தில் பறவைகளைப் பிடித்து விற்ற ஊர் அது. 2000 வாக்கில் அந்த வேட்டைக்காரர்களே சேர்ந்து பாதுகாப்புச் சங்கம் வைத்தார்கள். இன்று அவர்கள்தான் வழிகாட்டிகள். மோட்டார் கிடையாது, மூங்கில் கழியால் தள்ளிக்கொண்டு போகிறார்கள். எங்கள் படகுக்காரர் ஒரு தூரத்துக்கு மேல் நகரவே மாட்டேன் என்றுவிட்டார்.

பழவேற்காட்டு மீனவர்களுக்குக் கழி ஊன்றுவது நாம் சொல்லிக்கொடுக்க வேண்டிய வித்தையா என்ன? கொஞ்சம் படகுகளுக்கு மட்டும் உரிமம் கொடுங்கள். கழிப்படகு மட்டும், ஆளுக்கொரு ஜாக்கெட், முகத்துவாரத்துப் பக்கம் போகக்கூடாது, பறவையிலிருந்து இவ்வளவு தூரம் என்று கொடி நடுங்கள். கட்டணம் நேரே படகுக்காரர் கைக்குப் போகட்டும். முகத்துவாரம் தூர்ந்து மீன் வரத்துக் குறைந்தால் அவர்களும் என்ன செய்வார்கள்? கரைக்கு வந்த அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமே இல்லை.

சரணாலயத்துக்குள் மனிதன் எதற்கு என்று வேனில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மனிதன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறான், ஜாக்கெட் இல்லாமல்.

அதுவரை, படகு மிதித்தே ஆகவேண்டும் என்பவர்கள் முட்டுக்காடு போங்கள். அடையாறிலிருந்து ஈ.சி.ஆரில் நேர் வழி. துடுப்புப் படகு, மிதிபடகு எல்லாம் உண்டு. பழவேற்காட்டில் கரையில் நின்றே பாருங்கள். காணும் பொங்கலுக்குப் பேரக்குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தை கடைசியில் மறுபடி போகிறோம். 11 பேருக்கு ஒரே ஒரு பைனாகுலர் என்பதால் இந்தத் தடவை சண்டையே வந்துவிட்டது. மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் யாரிடமாவது இருந்தால் இரண்டு நாள் இரவல் கொடுங்கள், பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.