ஓடையை அளக்கும் செலவு யாருடையது?

கொல்லிமலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஆகாய கங்கையில் குளித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அங்கே அருவியாக விழும் ஐயாறு திருச்சி மாவட்டத்துக்குள் இறங்கிக் காவிரிப் படுகையைச் சேர்கிறது. இதே மலையில் பிறக்கும் சுவேத நதியோ தம்மம்பட்டி வழியாக ஓடி, வசிஷ்ட நதியோடு கூடி வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. ஒரே மலை இரண்டு படுகைகளுக்குத் தண்ணீர் தருகிறது. அந்த மலையின் வடக்கு அடிவாரத்தில், மேலே ஏறும் இன்னொரு சாலையின் தொடக்கத்தில் இருக்கிறது முள்ளுக்குறிச்சி. மேலே மண்ணுக்கு என்ன நடக்கிறதோ, அது அடிவாரத்துக் கிணறுகளுக்கும் வந்து சேரும்.

மேலே நிறையவே நடந்திருக்கிறது. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி ஏறியது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்தது. மலைவாழ் மக்கள் கையில் காசு பார்க்க வேறு வழி குறைவு. அவர்களைக் குறை சொல்லும் உரிமை சமவெளிக்காரர்களுக்கு இல்லை. ஆனால், இந்த மாற்றங்களால் கோடையில் ஓடை எவ்வளவு மெலிகிறது, மழையில் எவ்வளவு மண் கரைகிறது என்பதை ஊகத்தால் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு வருடம் அளந்தால் போதாது.

இதற்கு நம் மாநிலத்திலேயே முன்னுதாரணம் உண்டு. நீலகிரியின் கிளென்மார்கனில், ஊட்டி மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை 1968இல் அளக்கத் தொடங்கியது. 1972இல் ஒன்றின் 59 சதவீதப் பரப்பில் நீலகிரித் தைலமரம் நட்டார்கள். மற்றதை அப்படியே விட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, மறுபடி துளிர்க்க விட்ட இரண்டாம் சுழற்சியில் குறைவு 25 சதவீதத்தைத் தாண்டியது. வறண்ட மாதங்களின் ஓட்டம்தான் அதிகம் அடிபட்டது. மூன்றாண்டுத் திட்டமாக நிதி கொடுத்து முடித்திருந்தால் இந்த இரண்டாவது எண் நமக்குக் கிடைத்தே இருக்காது. அமெரிக்காவின் ஹப்பார்ட் புரூக் காட்டில் அமில மழை பிடிபட்டதும் இப்படி 1960களிலிருந்து ஓடைநீரையும் மழைநீரையும் விடாமல் சோதித்ததால்தான். இரண்டுமே பொதுப்பணத்தில் நின்ற வேலைகள். இருபது வருடம் காத்திருக்கும் பொறுமை எந்தத் தனியார் முதலீட்டுக்கும் கிடையாது.

தண்ணீரின் தரம் இன்னும் நுட்பமான விஷயம். சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரத்தின் கடினப் பாறையிலிருந்து புளோரைடு கரைந்து போர்வெல்லுக்குள் வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது; நாக்குக்கோ எந்த வித்தியாசமும் தெரியாது. உரத்திலிருந்தும் கோழி எருவிலிருந்தும் இறங்கும் நைட்ரேட்டுக்கு வரம்பு 45 மில்லிகிராம். பருவத்துக்குப் பருவம் இவை மாறும். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பாட்டிலில் பிடித்து அனுப்பும் மாதிரி, அந்த ஒரு நாளைப் பற்றி மட்டுமே பேசும்.

பணமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஒதுக்கீட்டில் 2 சதவீதம் வரை தரக் கண்காணிப்புக்குச் செலவிடலாம். கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டியில் பயிற்சி தரவும் வழி இருக்கிறது. ஆனால், இது குழாயில் வந்துவிட்ட நீரைப் பார்க்கும் பணம். ஓடையையும் சரிவையும் பார்க்கும் ஆராய்ச்சிக்குத் தனி நிதி வேண்டும். நாட்டின் உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவதே சுமார் 0.64 சதவீதம்தான் என்னும்போது, ஒரு மலையோரத்து ஓடைக்கு வரிசையில் எந்த இடம் கிடைக்கும்? கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும்.

கேட்பவர்களுக்கும் பங்கு இருக்கிறது. ஓடைகளில் அளவுமானி பொருத்தி, பத்தாண்டுகளுக்குக் குறையாமல் நிதி தருவது மாநில அரசின் கடமை. நீரும் மரவள்ளியும் இங்கிருந்தே பெறும் ஆலைகள் தங்கள் கழிவுநீரின் கணக்கை மறைக்காமல் தர வேண்டும்; அந்த நீரின் புளிப்பும் அழுகல் சுமையும் ஓடைக்குக் கேடு. ராசிபுரம் அரசுக் கல்லூரி மாணவர்கள் மழைமானியைப் படித்துக் குறிக்கலாம். எந்த ஊற்று எந்த மாதம் வற்றும் என்று மலையின் விவசாயிகளுக்குத் தெரியும். அதை எழுதிக்கொள்ள ஆள் வேண்டும், அவர்களுக்கு அதற்கான கூலியும் வேண்டும். கிடைக்கும் எண்கள் அலுவலகக் கோப்பில் அடங்காமல், ஊராட்சிப் பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். மலையும் சமவெளியும் ஒரே கணக்கைப் பார்த்தால்தான், யார் தண்ணீரை யார் கெடுத்தது என்ற பழிச்சொல் அடங்கி, என்ன செய்யலாம் என்ற பேச்சு தொடங்கும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். தமிழ்நாட்டில் அன்று கிராம சபை கூடும். முள்ளுக்குறிச்சியிலும் மலைமேல் உள்ள ஊராட்சிகளிலும் ஒரே தீர்மானத்தை நிறைவேற்றுங்கள்: எங்கள் ஓடைகளை அளக்க நீண்டகால நிதி ஒதுக்குங்கள், முடிவுகளை எங்களுக்கே முதலில் சொல்லுங்கள்.